மாசம் 600 ரூபாய் ஸ்ட்ரிப்புக்குப் போகுது... அந்த நம்பரை வெச்சு என்ன பண்றீங்க?



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹோம் லோன்னு பேசிட்டிருக்கிற நம்ம பக்கத்துல இன்னைக்கு ஒரு சின்ன டப்பாவைப் பத்திப் பேசப் போறோம். அதுக்குள்ள 50 ஸ்ட்ரிப் இருக்கும். நம்மில் பல பேர் வீட்டு ஃபிரிட்ஜ் மேலயோ டிவி ஸ்டாண்ட்லயோ அது உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நாமதான் ஆன்லைன்ல ஆர்டர் போட்டிருப்போம். அதுக்கப்புறம் அதைப் பத்தி யோசிச்சிருக்க மாட்டோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். அதுக்கப்புறம் கணக்கு.

240 முறை ஒரே கேள்வி

எங்க அப்பா ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சுகருக்கு ரெண்டு வருஷமா மாத்திரை எடுக்கிறார். நான் சென்னையில வேலை. ஒரு பண்டிகை சேல் வந்தப்போ குளுக்கோமீட்டர் ஒண்ணு வாங்கி அனுப்பினேன். மெஷின், கூட 25 ஸ்ட்ரிப், எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் கீழே. "பரவாயில்லையே, இவ்வளவு சீப்பா!"ன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் மாசாமாசம் ஸ்ட்ரிப் ஆர்டர் போடறது என் வேலை ஆச்சு.

அப்பா ஒரு நாளும் தவற விடல. காலையில எழுந்ததும், காபிக்கு முன்னாடி, ஒரு குத்து. நம்பரை மாத காலண்டர்ல பால் கணக்கு எழுதுற கட்டத்துக்குள்ளயே எழுதி வைப்பார். 118, 124, 121, 127. போன்ல கேட்டா, "எல்லாம் கண்ட்ரோல்லதான் இருக்கு, நீ உன் வேலையைப் பாரு"ன்னு சொல்வார். நானும் பார்த்தேன். லேப் டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டோம். வீட்டிலேயே தினமும் பார்க்கிறோமே, லேப் எதுக்கு?

எட்டு மாசம் கழிச்சு ஊருக்குப் போனப்போ, கட்டாயப்படுத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தாங்க. அது கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சர்க்கரையைச் சொல்ற டெஸ்ட். ரிசல்ட் 7.6. அதை சராசரி சர்க்கரையா மாத்தினா சுமார் 171 வரும்.

அப்பா முகம் மாறிடுச்சு. காலண்டரைக் கையோட கொண்டு வந்திருந்தார். "சார், நான் தினம் பார்க்கிறேன். ஒரு நாள்கூட 130 தாண்டல"ன்னார்.

டாக்டர் காலண்டரைப் புரட்டிப் பார்த்துட்டுச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. "ஐயா, நீங்க 240 முறை ஒரே கேள்வியைக் கேட்டிருக்கீங்க. மதியம் சாப்பிட்ட பிறகு என்ன ஆகுதுன்னு ஒரு தடவைகூடக் கேக்கலையே."

ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய்னு வைங்க. 240 ஸ்ட்ரிப், 4,800 ரூபாய். பணம் போனதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. எட்டு மாசம் நாங்க எல்லாரும் நிம்மதியா இருந்தோமே, அந்த நிம்மதி பொய். அதுதான் உறுத்துச்சு.

வீட்டுக்கு வந்தப்புறம் அம்மா இன்னொரு ரகசியம் சொன்னாங்க. முந்தின நாள் கல்யாண வீட்டுல சாப்பிட்டிருந்தா, அடுத்த நாள் அப்பா ரெண்டு மணி நேரம் நடந்துட்டு வந்துதான் பார்ப்பாராம். நம்பரை அவர் மார்க் ஷீட் மாதிரி பார்த்திருக்கார். பையன் கேட்டா நல்ல மார்க் சொல்லணுமே!

மெஷின் சீப், ஸ்ட்ரிப்தான் இஎம்ஐ

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். குளுக்கோமீட்டர் வியாபாரம் பிரிண்டர் வியாபாரம் மாதிரி. பிரிண்டரைக் குறைஞ்ச விலைக்குக் கொடுப்பாங்க, காசு இங்க்குல. இங்கேயும் மெஷினை ஒரு தடவைதான் வாங்குவோம். ஸ்ட்ரிப்பை ஆயுசுக்கும் வாங்குவோம். ஒரு கம்பெனி மெஷின்ல இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் போகாது. அதனால மெஷின் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறது தப்பு. அந்த மெஷினுக்கான ஸ்ட்ரிப் ஒண்ணு என்ன விலை, உங்க அப்பா அம்மா இருக்கிற ஊர் மெடிக்கல்ல கிடைக்குமா, இந்த ரெண்டையும் முதல்ல பாருங்க.

பிராண்டைப் பொறுத்து ஒரு ஸ்ட்ரிப் சுமார் 10 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை வருது. கணக்குக்கு 20 ரூபாய்னு வெச்சுக்கலாம். உங்க பிராண்டோட விலையைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

- தினமும் ஒரு முறை: வருஷத்துக்கு 365 ஸ்ட்ரிப், 7,300 ரூபாய்
- தினமும் இரண்டு முறை: 730 ஸ்ட்ரிப், 14,600 ரூபாய்
- தினமும் நான்கு முறை: 1,460 ஸ்ட்ரிப், 29,200 ரூபாய்

குத்துற ஊசி, அதாவது லான்செட், இதுக்கு மேல தனி.

ஒரு நல்ல விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டர், டெஸ்ட் ஸ்ட்ரிப் ரெண்டுக்குமே ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைஞ்சிருக்கு. பில்லில் எவ்வளவு போட்டிருக்காங்கன்னு ஒரு தடவை பாருங்க.

யாருக்கு எத்தனை ஸ்ட்ரிப்?

இதுதான் கட்டுரையோட முக்கியமான இடம். கொஞ்சம் நிதானமா படிங்க.

முதல் வகை: இன்சுலின் போடறவங்க. இவங்களுக்கு நம்பர் பார்த்துத்தான் டோஸ். தினமும் பல முறை பார்க்க வேண்டியிருக்கலாம். டாக்டர் எத்தனை சொல்றாரோ அத்தனை. இங்கே ஒரு ஸ்ட்ரிப்கூட மிச்சம் பிடிக்காதீங்க. நம்ம பட்ஜெட்ல ஓடிடி சப்ஸ்கிரிப்ஷனைக் குறைக்கலாம், இதைக் குறைக்கக் கூடாது.

இரண்டாவது வகை: கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க. இந்த வகை மாத்திரை சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடலாம். சாப்பாடு தள்ளிப் போனாலோ, உடம்பு சரியில்லைன்னாலோ, வேர்த்து நடுங்கினாலோ உடனே பார்க்கணும். அப்பா அம்மா எந்த மாத்திரை எடுக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா இன்னைக்கு ராத்திரி போன் பண்ணி, அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட, "இது லோ சுகர் வரவைக்கிற மாத்திரையா?"ன்னு கேளுங்க.

மூன்றாவது வகை: மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரையில நிலையா இருக்கிற டைப் 2 ஆளுங்க. எங்க அப்பா இந்த வகை. உங்க வீட்டிலும் அநேகமா இதுவாகத்தான் இருக்கும். இவங்க தினமும் பார்க்கிறதால பெரிய பலன் உண்டான்னு அமெரிக்காவுல, வட கரோலினாவுல, இன்சுலின் எடுக்காத 450 டைப் 2 ஆளுங்களை வெச்சு ஒரு வருஷம் ஆராய்ச்சி பண்ணாங்க. 2017ல ரிசல்ட் வந்துச்சு. தினம் ஒரு முறை பார்த்தவங்களுக்கும், வீட்டுல பார்க்காமலே இருந்தவங்களுக்கும் ஒரு வருஷம் கழிச்சு ஹெச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

உடனே, "அப்போ மெஷினைத் தூக்கிப் போட்டுடலாமா?"ன்னு கேக்காதீங்க. மியூச்சுவல் ஃபண்ட் ஆப்பைத் தினமும் திறந்து என்ஏவி பார்க்கிறோம்ல? பார்க்கிறதால ரிட்டர்ன் கூடுதா? வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து, போர்ட்ஃபோலியோவைச் சரி பண்ணினா அதுக்கு ஒரு பலன் உண்டு. ஸ்ட்ரிப்பும் அதே கதைதான். நம்பர் வந்த பிறகு சாப்பாட்டுல, நடையில, மருந்துல ஏதாவது ஒண்ணு மாறினா அந்த 20 ரூபாய்க்கு வேலை இருந்துச்சுன்னு அர்த்தம். எதுவும் மாறலைன்னா காலண்டர்ல ஒரு நம்பர் ஏறிச்சு, அவ்வளவுதான்.

வீட்டிலேயே சுகர் பார்க்கிற பழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சவரே ஒரு இன்ஜினியர், தெரியுமா? ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன்னு அமெரிக்காக்காரர். சின்ன வயசிலிருந்தே டைப் 1 சுகர். 1969ல் இந்த மெஷினை டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டும்தான் விற்பாங்க. அவர் மனைவி டாக்டர். அவங்க பேர்ல ஆர்டர் போட்டு வாங்கினார். விலை 650 டாலர், எடை ஒன்றரை கிலோ பக்கம். ஒரு இன்ஜினியர் மெஷினைச் சோதிக்கிற மாதிரி, எந்த சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குதுன்னு தன்னையே அளந்தார். அதுக்கேத்த மாதிரி டோஸை, சாப்பாட்டை மாத்தினார். டாக்டர்கள் அவர் பேச்சைக் கேக்கலைன்னு, 40 வயசுக்கு மேல மெடிக்கல் காலேஜ் போய் தானே டாக்டரும் ஆனார். அளந்ததோட அவர் நிக்கல, மாத்தினார். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ஜோடி டெஸ்ட்: எங்க வீட்டுல வேலை செஞ்சது

டாக்டர் எங்களுக்குச் சொன்ன முறை ரொம்ப சிம்பிள். வாரத்துல ரெண்டு நாள். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரிப், முதல் வாய் வெச்சதிலிருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு ஸ்ட்ரிப். பக்கத்துல என்ன சாப்பிட்டோம்னு ஒரு வரி. அடுத்த முறை வேற சாப்பாடு.

எங்க அப்பாவோட முதல் சில ஜோடிகள் இப்படி வந்துச்சு:

- காலை, 3 இட்லி, சாம்பார்: முன் 121, பின் 168
- மதியம், சாதம், குழம்பு, அப்பளம்: முன் 116, பின் 262
- இரவு, 2 சப்பாத்தி, குருமா: முன் 132, பின் 171

பார்த்ததுமே தெரியுதா? காலையிலும் இல்லை, ராத்திரியிலும் இல்லை. மதியம் ஒரு மணிக்கு ஆரம்பிக்குது பிரச்சினை. ரெண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டுட்டு அப்படியே திண்ணையில தூக்கம். எட்டு மாசம் மறைஞ்சிருந்த விஷயம் மூணு ஜோடியில, 6 ஸ்ட்ரிப்ல, 120 ரூபாயில வெளியே வந்துடுச்சு.

அப்புறம் பண்ணது: சாதம் பாதி, பொரியலும் கூட்டும் முதல்ல, தூங்குறதுக்கு முன்னாடி தெருவுல கால் மணி நேர நடை. டாக்டர் மாத்திரை நேரத்தையும் கொஞ்சம் மாத்தினார். சில வாரம் கழிச்சு அதே மதியச் சாப்பாட்டுக்குப் பின் 198. மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி 6.9. இது எங்க அப்பா கதை. உங்க வீட்டுக்கு வேற மாதிரி வரலாம். இட்லிதான் வில்லன்னு தெரிய வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க.

இப்போ இதோட செலவைப் பாருங்க. வாரத்துக்கு 4 ஸ்ட்ரிப். வருஷத்துக்கு 208. 4,160 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒரு ஹெச்பிஏ1சி, தடவைக்கு 500 ரூபாய்னு வெச்சா வருஷத்துக்கு 2,000. மொத்தம் 6,160. பழைய முறையில தினம் ஒண்ணுன்னு 7,300 போயிட்டிருந்துச்சு. செலவு 1,140 ரூபாய் குறைஞ்சு, தகவல் பல மடங்கு கூடியிருக்கு. சுகர் கட்டுக்குள்ள வந்துட்டா ஹெச்பிஏ1சி வருஷத்துக்கு ரெண்டு போதும்னு டாக்டரே சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை: ரத்தசோகை இருந்தா ஹெச்பிஏ1சி நம்பர் தப்பாக் காட்டலாம். அம்மாவுக்கு ரத்தம் குறைவுன்னு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா, அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

நம்பரை எப்படிப் படிக்கணும்?

சுகர் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ண லேப் டெஸ்ட்தான். வெறும் வயித்துல 100க்குக் கீழே நார்மல். 100 முதல் 125 வரை ப்ரீடயபெட்டிஸ். 126க்கு மேல, இன்னொரு டெஸ்ட்டிலும் அதே மாதிரி உறுதியானா, சர்க்கரை நோய். ஹெச்பிஏ1சியில 5.7க்குக் கீழே நார்மல், 6.5க்கு மேல சர்க்கரை நோய். வீட்டு மெஷின்ல 130 காட்டுச்சுன்னு நீங்களே பட்டம் கொடுத்துக்காதீங்க. லேப்ல உறுதி பண்ணுங்க.

ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்களுக்கு இலக்கு வேற. பொதுவா சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குக் கீழே. வயசு, மற்ற நோய்கள் பார்த்து டாக்டர் இதைத் தளர்த்துவார். அப்பாவோட இலக்கு என்னன்னு அவர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

இன்னொண்ணு. மெஷின் துல்லியமா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. சர்வதேசத் தரப்படி, 100க்கு மேல உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 ரீடிங் லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள்ள இருந்தாப் போதும். அதாவது உண்மையான அளவு 150ன்னா, 128 காட்டினாலும் 172 காட்டினாலும் மெஷின் பாஸ்தான். அதனால 138 வந்துச்சுன்னு திருப்திப்படாம இன்னொரு ஸ்ட்ரிப், அதுல 149, சந்தேகத்துக்கு மூணாவது ஸ்ட்ரிப்னு 60 ரூபாயைக் கரைக்காதீங்க. 138ம் 149ம் ஒண்ணுதான். ஒரு நம்பரைப் பிடிச்சுத் தொங்காம, பல நாள் சேர்த்துப் பாருங்க. அடிக்கடி ஏறுற நேரம் எது, அதுதான் வேணும்.

ஆனா 70க்குக் கீழே வந்தா காத்திருக்காதீங்க. 3 டீஸ்பூன் சர்க்கரையை தண்ணியில கரைச்சுக் குடிக்கணும், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும், இன்னும் ஏறலைன்னா மறுபடி குடிக்கணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108க்கு அடிங்க. இதை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்க. ஏன்னா அப்பாவுக்கு மயக்கம் வர்ற நேரத்துல பக்கத்துல இருக்கப் போறது நீங்க இல்லை, அவங்கதான்.

ஸ்ட்ரிப்பை வீணாக்கும் 5 தப்பு

1. கையைக் கழுவாமல் குத்துறது. மாம்பழம் உரிச்ச கையில ஒட்டியிருக்கிற சாறு போதும், நம்பர் எகிறிடும். சோப்பு போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சிட்டுக் குத்துங்க. ஈரக் கையும் ஆகாது.

2. விரல் நுனியில குத்துறது. பக்கவாட்டுல குத்தினா வலி குறைவு. தினம் விரலை மாத்துங்க. ரத்தம் வரலைன்னு அழுத்திப் பிழியாதீங்க. கையைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் உதறுங்க, வரும்.

3. டப்பாவைத் திறந்து வைக்கிறது. ஸ்ட்ரிப்புல இருக்கிறது என்சைம். காத்துல இருக்கிற ஈரம் பட்டா கெட்டுடும். எடுத்த உடனே மூடுங்க. ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கக் கூடாது, வெயில் படற ஜன்னல் பக்கமும் கூடாது.

4. ஆஃபர்னு மொத்தமா வாங்குறது. சில பிராண்டுல டப்பாவைத் திறந்த பிறகு 3 மாசம்தான் ஆயுசு, சிலதுல 6 மாசம், சிலதுல அச்சிட்ட தேதி வரைக்கும். லேபிளைப் படிங்க, திறந்த தேதியை டப்பா மேல பேனாவால எழுதுங்க. வாரம் 4 ஸ்ட்ரிப் போறவங்களுக்கு 50 டப்பா 12 வாரம் வரும். உங்க பிராண்டு 3 மாசம்னா சரியாப் போகும். அதைவிடக் குறைவா பார்க்கிறவங்க 25 டப்பா வாங்குறதே லாபம்.

5. ஒரே குத்துற பேனாவை வீட்டுல எல்லாரும் பயன்படுத்துறது. இந்தத் தப்பை நானே பண்ணினேன். பிரியாணி சாப்பிட்டுட்டு, "எனக்கு எவ்வளவு இருக்குன்னு பார்ப்போமே"ன்னு அப்பா பேனாவுலயே ஊசியை மாத்திக் குத்திக்கிட்டேன். டாக்டர் திட்டினார். ஊசியை மாத்தினாலும் பேனாவுல ரத்தம் ஒட்டியிருக்கலாம். ஹெபடைடிஸ் பி மாதிரி நோய் பரவ வாய்ப்பு உண்டு. ஒருத்தருக்கு ஒரு பேனா. பயன்படுத்தின ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடி வைங்க. குப்பை அள்ளுறவங்க கையைக் குத்திடக் கூடாது.

கையில ஒட்டுற சென்சார் வாங்கலாமா?

இன்ஸ்டாகிராம்ல எல்லாரும் கையில வட்டமா ஒண்ணு ஒட்டிக்கிட்டு சுத்துறாங்களே, அது சிஜிஎம். தோலுக்குக் கீழே இருக்கிற திரவத்துல சர்க்கரையை நாள் முழுக்க அளந்து போனுக்கு அனுப்பும். பரவலா கிடைக்கிற வகை 14 நாள் வரும். கணக்குக்கு ஒரு சென்சார் 5,000 ரூபாய்னு வைங்க. வருஷம் முழுக்கன்னா 26 சென்சார், 1,30,000 ரூபாய்!

டைப் 1 இருக்கிறவங்களுக்கு, அடிக்கடி லோ சுகர் வர்றவங்களுக்கு இது ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு. மாத்திரையில நிலையா இருக்கிற அப்பாவுக்கு வருஷம் முழுக்க தேவையில்லை. ஹெச்பிஏ1சி ஏறுது, ஏன்னு புடிபடலைன்னா டாக்டரைக் கேட்டு ஒரே ஒரு சென்சார் போட்டுப் பார்க்கலாம். 5,000 ரூபாய்க்கு 14 நாள் முழுப் படம் கிடைக்கும். சுகரே இல்லாத 26 வயசுக்காரர் ட்ரெண்டுக்காக மாசம் 10,000 செலவு பண்றதுக்குப் பதிலா, அந்தக் காசுல நல்ல ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கலாம்.

இன்சூரன்ஸும் வரியும்

வீட்டுல பயன்படுத்துற ஸ்ட்ரிப்புக்கு சாதாரண ஹெல்த் பாலிசி பணம் தராது. வெளிநோயாளி செலவுக்கான கவர் இருந்தா அதுல வருமான்னு கேட்டுப் பாருங்க.

பெரிய விஷயம் வேற. அப்பாவுக்கு சுகர்னு தெரிஞ்ச பிறகு பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு காத்திருப்புக் காலம் உண்டு. ஐஆர்டிஏஐ 2024ல் அதோட உச்ச வரம்பை 48 மாசத்திலிருந்து 36 மாசமாகக் குறைச்சிருக்கு. "சுகர் இருக்குன்னு சொல்லாம எடுத்துடலாம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மறைச்சது தெரிஞ்சா கிளெய்ம் போச்சு, பாலிசியும் போகலாம். உள்ளதைச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கேட்டாலும் கட்டி எடுங்க. தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

கம்பெனி குரூப் பாலிசியில அப்பா அம்மாவைச் சேர்க்க முடிஞ்சா சேர்த்துடுங்க. பல கம்பெனிகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் இருக்கும். ஆனா வேலை போனா அதுவும் போகும். அதை மட்டும் நம்பாதீங்க.

வரி விஷயம்: பழைய வரி முறையில இருந்தா மட்டும், 80டின்னு நமக்குப் பழகின கழிவுல, முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை மொத்த வரம்புக்குள்ளேயே காட்டலாம். இதை ரொக்கமா கட்டினாலும் சரி. 60 வயசு தாண்டிய அப்பா அம்மாவுக்கு ஹெல்த் பாலிசியே இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை காட்டலாம். ஆனா அதை ரொக்கமா கட்டியிருக்கக் கூடாது. அதனால மெடிக்கல் பில்லை யூபிஐல கட்டி, பில்லை ஒரு போல்டர்ல போட்டு வைங்க. எதையெல்லாம் காட்டலாம்னு உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. புதிய வரி முறையில இந்தக் கழிவு கிடையாது.

இதெல்லாம் கட்டுப்படியாகாத குடும்பங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமா சுகர் பார்க்கலாம். தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறாங்க. நம்ம வரிப் பணம்தான், தயங்காம பயன்படுத்தச் சொல்லுங்க.

உங்களுக்கும் ஒரு கேள்வி

2023ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி இந்தியாவுல 10 கோடி பேருக்கு மேல சர்க்கரை நோய் இருக்கு. 13 கோடிக்கும் மேல ப்ரீடயபெட்டிஸ். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா நமக்கு வர வாய்ப்பு அதிகம். ஆபீஸ்ல வருஷா வருஷம் இலவச ஹெல்த் செக்கப் தர்றாங்களே, அந்த பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தீங்களா? ப்ரீடயபெட்டிஸ் கட்டத்துல இருந்தா தினம் குத்திப் பார்க்கத் தேவையில்லை. எடை, நடை, தூக்கம், வருஷத்துக்கு ஒரு லேப் டெஸ்ட். நம்பர் நார்மலா இருக்கும்போதே சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுத்துடுங்க. நாளைக்கு நம்பர் ஏறினா அதே பாலிசி இன்னும் அதிக விலைக்கு, இன்னும் அதிக கண்டிஷனோட வரும்.

இந்த வாரம் பண்ண வேண்டியது

- அப்பா அம்மா மாத்திரை அட்டையோட போட்டோ உங்க போன்ல இருக்கணும்.
- கடைசி ஹெச்பிஏ1சி எப்போ எடுத்தாங்கன்னு கேளுங்க. 6 மாசம் தாண்டியிருந்தா லேப் புக் பண்ணுங்க.
- எந்த நேரத்துல, வாரத்துக்கு எத்தனை தடவை பார்க்கணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த எண்ணிக்கைக்கு மட்டும் ஸ்ட்ரிப் ஆர்டர் போடுங்க.
- "சுகர் எவ்வளவு?"ன்னு போன்ல கேக்கிறதை நிறுத்துங்க. "என்ன சாப்பிட்டப்போ ஏறுச்சு?"ன்னு கேளுங்க.

அந்தக் கடைசி பாயின்ட்தான் எங்க வீட்டுல நிஜமாவே வேலை செஞ்சது. நான் மார்க் கேக்கிறதை நிறுத்தின பிறகு அப்பா ஒளிக்கிறதையும் நிறுத்திட்டார். போன ஞாயித்துக்கிழமை அவரே போன் பண்ணினார். "டேய், நேத்து கறிக்குழம்பு. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தேன், 214. சாதம் கொஞ்சம் கூடிப் போச்சு. அடுத்த வாரம் இதையே குறைச்சுச் சாப்பிட்டுப் பார்க்கிறேன்." 214ன்னு சொல்லும்போது குரல்ல பயம் இல்லை. காலண்டர்ல இப்போ பால் கணக்குக்குப் பக்கத்துல, நம்பரோட சேர்த்து "க.கு."ன்னு எழுதியிருக்காராம். கறிக்குழம்பு!

நான் டாக்டர் இல்லை. இது சேமிப்பும் செலவும் பத்தின கட்டுரை. மருந்தையோ டெஸ்ட் எண்ணிக்கையையோ உங்க டாக்டரைக் கேக்காம மாத்தாதீங்க. எந்த பிராண்டுக்கும் இங்கே லிங்க் கொடுக்கல, கொடுக்கவும் மாட்டேன். ஸ்ட்ரிப் செலவு கணக்கை வீடியோவா நம்ம சேனல்லயும் போடறேன். உங்க வீட்டுல மாசம் எத்தனை ஸ்ட்ரிப் போகுது, அதுல எத்தனை ஸ்ட்ரிப் ஒரு முடிவு எடுக்க உதவுச்சு? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த கட்டுரையில சந்திப்போம்!